முப்பத்திரண்டு கல்லும் ஒரு கல்யாணப் பந்தியும்

நான் முதுகலைப் பட்டம் வாங்கியது ஒரு கல்யாண மண்டபத்தின் சமையல்கட்டில். சான்றிதழில் அப்படிப் போடவில்லை என்பதால் வெளியே யாருக்கும் தெரியாது. இன்று கல்லூரியில் நிலவியல் நடத்துகிறேன். பிள்ளைகளிடம் "பாறை மாதிரிகளைப் பத்திரமா வச்சுக்கங்க" என்று சொல்லும்போது மட்டும் தலையைக் குனிந்துகொள்வேன்.

என் ஆய்வுத் தலைப்பு நீளமானது, விஷயம் எளிது. ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், இன்றைய கரூர்ப் பக்கம் இரண்டு நிலப்பரப்புகள் முட்டிக்கொண்டன. பெரிய மலைத்தொடர் எழுந்து, பிறகு தேய்ந்தே போய்விட்டது. அதன் அடிவேர்தான் நம் காலடியில் கிடக்கிறது. முட்டிய இடத்துக்கு அருகே இருந்த பாறைகள் நசுங்கி நூல் நூலாக இழுபட்டிருக்கும். கொஞ்சம் தள்ளி, வரிவரியாக மடிந்து வளைந்திருக்கும். இன்னும் தெற்கே, ஆழத்தில் வெந்து கறுத்துப்போனவை கிடக்கும்.

இந்த வரிசையைக் காட்டத்தான் கரூரிலிருந்து மதுரை வரை வெயிலில் அலைந்து, முப்பத்திரண்டு கற்களை உடைத்து வந்திருந்தேன். எல்லாம் கைப்பிடி அளவு. ஒவ்வொன்றின் மேலும் எண் எழுதிய ஸ்டிக்கர். (பெயிண்டால் எழுதச் சொன்னார் பேராசிரியர். எனக்குத்தான் புத்தி ரொம்ப அதிகமாச்சே!)

வாய்மொழித் தேர்வு நாளன்று, சாக்கு மூட்டையை எங்கள் விளாங்குடி வீட்டிலிருந்து கல்லூரிக்குக் கொண்டுபோக வேண்டும். பெரியப்பா மகன் முத்துப்பாண்டி அண்ணன் பரவை மார்க்கெட்டிலிருந்து காய்கறி ஏற்றும் லோடு ஆட்டோ ஓட்டுகிறார்.

"ஏத்திவிடு தங்கச்சி. போற வழிதானே. காலேஜுல எறக்கிட்டு கல்யாண மண்டபத்துக்குக் காய் கொண்டுபோறேன்" என்றார். இறக்கவும் செய்தார். ஒரு மூட்டையை.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கண் இமைக்காமல் பார்க்கிற ரகம். "மாதிரியைக் காட்டுங்க" என்றார். நான் மூட்டையை அவிழ்த்து, பார்க்காமலே கைவிட்டு ஒன்றை எடுத்து நீட்டினேன். "சார், இது மோதலில் நசுங்கிய பாறை."

அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தார். "இது பிடிகருணைம்மா."

அங்கேயே ஒப்புக்கொண்டிருக்கலாம். நானோ, "காற்றிலும் மழையிலும் கொஞ்சம் சிதைஞ்சிருக்கு சார்" என்றேன்.

"முளை விட்டிருக்கே?"

முளை விடுகிற பாறை நிலவியலில் கிடையாது. என் பேராசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த நேரத்தில் என் போன் அடித்தது. அண்ணன்.

"தங்கச்சி, மண்டபத்துல கெழங்கு ஒன்னரை மணி நேரமா கொதிக்குதாம். வேகவே மாட்டேங்குதாம். சமையக்காரரு என்னைய வையுறாரு. ஒம் மூட்டைய அவுத்துப் பாரேன்."

"அண்ணே, அது கல்லுண்ணே!"

"எம்புட்டுக் கல்லு?"

"அம்புட்டும் கல்லுதான்!"

ஒரு வருட உழைப்பு அண்டாவில் கொதித்துக்கொண்டிருக்கிறது. தேர்வாளர் எழுந்து பையை எடுத்தார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

"எண்ணூறு டிகிரியில வெந்த பாறைம்மா. கொதிதண்ணிக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது. வாங்க, அங்கேயே பாத்துருவோம்" என்றார். கிழங்கு மூட்டையோடு வேறொரு ஆட்டோ பிடித்துக் கிளம்பினோம்.

மண்டபத்தில் தலைமைச் சமையல்காரர் வீரணன் கரண்டியோடு நின்றிருந்தார். "ரெண்டு ஆளு தூக்கிக் கொட்டுனாய்ங்க. என்னண்ணே இம்புட்டுக் கனக்குதுன்னு கேட்டாய்ங்க. மழையில நனஞ்ச கெழங்கு, கனக்கத்தேன் செய்யும்னு நாந்தேன் சொன்னேன்" என்றார் நொந்துபோய்.

கற்களைக் குழாயடியில் பரப்பியிருந்தார்கள். ஸ்டிக்கர் ஒன்றுகூட இல்லை. எல்லாம் அண்டாவில் மிதந்தன.

தேர்வாளர் ஒரு சாப்பாட்டு மேசையைக் காட்டினார். "நம்பர் இல்லாமலே வரிசையா அடுக்குங்க. கல்லப் பாத்துச் சொல்லத் தெரிஞ்சா பட்டம்."

பயந்துகொண்டேதான் முதல் கல்லை எடுத்தேன். ஆனால் வெந்நீரில் மண்ணெல்லாம் போய், கற்கள் அப்படிப் பளிச்சென்று இருந்தன. இழுபட்டவை, மடிந்தவை, ஆழத்தில் வெந்து சிவப்பு மணி பதிந்தவை என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. என்னையறியாமல் உற்சாகமாகப் பேசத் தொடங்கினேன். பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்து, "என்னப்பா, மாப்ள வீட்டுச் சீரா?" என்று கவலையோடு கேட்டார்.

கடைசியாக, இருந்ததிலேயே கறுத்த, அழகான கல்லை இரண்டு கைகளாலும் தூக்கினேன். "சார், என் ஆய்வின் சிகரம் இது! பூமிக்கடியில் இருபது முப்பது கிலோமீட்டர் ஆழத்திலிருந்து மேலே வந்தது!"

தேர்வாளர் மேசையை எண்ணிவிட்டு, "முப்பத்திமூணு இருக்கே" என்றார்.

வீரணன் பாய்ந்து வந்து அதை என் கையிலிருந்து வாங்கினார். "யாத்தே, இது ஸ்டோர் ரூம் கதவுக்கு அண்டக் குடுக்குற கல்லு. எவனோ இதையும் ஒங்க கல்லோட சேத்துட்டான். கதவு அடிச்சுக்கிட்டே இருக்கேன்னு இம்புட்டு நேரமாத் தேடுறேன்!"

சமையல்கட்டே சிரித்தது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவுக்குப் புரையேறிவிட்டது. தேர்வாளர் மட்டும் சிரிக்காமல் பேனாவைத் திறந்தார். "அதுவும் அடியாழத்துல வெந்த பாறைதான். சொன்னது சரி. கல்லுதான் அவங்களுது." கையெழுத்துப் போட்டுவிட்டு முதல் பந்தியில் உட்கார்ந்தார். அந்தப் பந்திக்குக் கருணை மசியல் கிடையாது.

இரண்டு வருடம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா?" என்று கேட்டார். எங்கள் அம்மா வாயைத் திறப்பதற்குள் முத்துப்பாண்டி அண்ணன் முந்திக்கொண்டார். "அத்த, கல்ல வேகவச்சே பட்டம் வாங்குன புள்ள!" பிறகு முழுக் கதையையும் கை காலை ஆட்டிச் சொன்னார். நான் உள்ளறையில் தலையில் அடித்துக்கொண்டேன்.

விழுந்து விழுந்து சிரித்தவரைத்தான் கட்டிக்கொண்டேன். இன்றும் எங்கள் வீட்டில் பருப்பு வேக அஞ்சு நிமிடம் கூடினால் போதும். மனிதர் தட்டோடு வந்து நின்று பணிவாகக் கேட்பார்: "டீச்சர், இன்னும் எத்தனை கோடி வருசம் ஆகும்?"