குதிரை மாமாவும் அவருடைய மூன்று லோடுகளும்

எங்கள் அடையாறு குடியிருப்பின் முதல் மாடிக் குதிரை மாமா நன்றி கெட்ட மனிதர். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. தி. நகரில் பைப் கடை வைத்திருக்கிறவன் நான். குழாய் ஒழுகினால் ஒழுகுகிறது என்றுதான் சொல்வேன்.

இந்தச் சென்னையில் அவர் அளவுக்கு அடுத்தவன் ஞாயிற்றுக்கிழமையை நாசமாக்கிய ஆள் கிடையாது. மழை, கரண்ட் கட், சொல்லாமல் வந்து இறங்கும் மைத்துனன் என்று எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்தாலும் மாமா இருக்கும் தட்டுதான் தாழும்.

மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்து, ரிட்டயர் ஆனபின் எங்கள் கட்டடத்துக்குக் குடிவந்தவர். வரும்போது மாமியையும் ஒரு சின்ன வெள்ளைக் காரையும் கூட்டி வந்தார். அந்தக் காரில் ஏசி போட்டால் மேடு ஏறாது. மேடு ஏற வேண்டுமென்றால் ஏசியோடு பேச்சையும் நிறுத்த வேண்டும். ஒருநாள் சிக்னல் பச்சை விழுந்து மாமா கிளம்பிக்கொண்டிருக்கும்போதே, பின்னால் வந்த ஆட்டோக்காரர் தலையை நீட்டி, “பெருசு, வண்டி ஓடிக்கினு கீதா, பார்க்கிங்ல கீதா?” என்று கேட்டுவிட்டார். அன்று கெட்டது எங்கள் காலம்.

மறுநாளே கார் உதிரிபாகங்கள் விற்கும் ஜி.பி. ரோட்டுக்குப் போய் ஏதோ ஒரு சாமானோடு திரும்பினார். அதை மாட்டினால் காரின் சக்தி கூடுமாம். ஊரில் எல்லோரும் ஹார்ஸ்பவர் என்பார்கள். மாமா மட்டும் குதிரை என்பார். “கம்பெனி குடுத்தது முப்பத்தேழு குதிரை, சண்முகம். நாப்பத்தஞ்சாக்கிக் காட்றேன் பாரும்.”

“எப்படி மாமா எண்ணுவீங்க?” என்று கேட்டேன். வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம்.

அவர் முறை இதுதான். ஞாயிறு விடியற்காலை, மேம்பாலத்தின் ஏற்றம் தொடங்கும் இடத்தில் காரை நிறுத்துவது. அங்கிருந்து உச்சியில் இருக்கும் விளக்குக் கம்பம் வரை முழு வேகத்தில் ஏறுவது. எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பது. “அதே மேடு, அதே லோடு, அதே பெட்ரோல். நேரம் கொறைஞ்சா குதிரை கூடியிருக்குன்னு அர்த்தம். இதுல என்ன ஓய் கஷ்டம்?”

லோடு என்றால் மூட்டை என்று நினைத்தேன். நாங்களாம்.

முன்சீட்டு லோடு நான். “உம்மை மாதிரி ஸ்டெடியான வெயிட் இந்த பில்டிங்லயே கிடையாது” என்றார். திட்டினாரா பாராட்டினாரா என்று தெரியாமலே ஏறி உட்கார்ந்துவிட்டேன். பின்சீட்டு லோடுகள் ஸ்டெல்லா அக்காவும் அவர் புருஷன் அந்தோணியும். ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்குக் குடிவந்தவர்கள். ஸ்டெல்லா அக்கா எங்கள் தெருமுனையில் மீன் விற்பவர். பாலம் ஏறி இறங்கியதும் மாமா அவரைக் குப்பத்தில் மீன் எடுக்கக் கொண்டுபோய் விடுவார். ஆட்டோ காசு மிச்சம் என்பதால் அக்கா ஒத்துக்கொண்டார். அந்தோணி கடலுக்குப் போய்த் திரும்பிய களைப்பில் ஏறியதும் தூங்கிவிடுவார். “லோடுன்னா இப்படின்னா இருக்கணும்” என்று மாமா அவரை எனக்கு உதாரணம் காட்டுவார்.

முதல் நாள் எங்களை எடை போட்டது ஸ்டெல்லா அக்காவின் மீன் தராசில். மாமா அதன்மேல் நியூஸ் பேப்பரை விரித்து, கால் படாத மாதிரி நின்று தன் எடையைப் பார்த்துக்கொண்டார். அப்புறம் நான் ஏறினேன்.

“ஆடாத நில்லு அண்ணே. நூத்தி நாலு காட்டுது. இந்த சீசன்ல இம்மாம் பெரிய சுறா இன்னும் கரைக்கே வர்ல!”

“அக்கா, நீ மட்டும் என்ன நெத்திலியா? ஏறிப் பாரு.”

“நான் ஏறினா தராசு தாங்கும், உன் மனசு தாங்காது” என்று சொல்லிக்கொண்டே ஏறினார். தொண்ணூற்றாறு.

மாமா எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டார். “இனிமே எடை பார்க்க வேண்டாம். நாப்பது வயசு தாண்டின ஒடம்பு மாறாது.” இந்த வாக்கியத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவும். எல்லா அநியாயமும் இதிலிருந்துதான் வந்தது.

முதலில் இன்ஜினுக்குக் குளிர்ந்த காற்று போக ஒரு குழாய் மாட்டினார். அதற்கு என் கடையிலிருந்தே பிவிசி பைப்பும் வளைவுக்கு இரண்டு எல்போவும் எடுத்துப் போனார். பாலத்தில் ஏறினோம். உச்சியைத் தொட்டதும் இன்ஜின் ஒரு தும்மல் தும்மி நின்றது. நானும் அக்காவும் இறங்கி, குப்பம் வரைக்கும் தள்ளினோம். ஸ்டியரிங்கில் மாமா. பின்சீட்டில் அந்தோணி, நல்ல தூக்கம்.

“அவரை எழுப்பு அக்கா.”

“கடல்லயே எழுந்துக்காத ஆளு, கார்லயா எழுந்துக்கும்? நீ தள்ளு அண்ணே.”

அடுத்த வாரம் பெட்ரோல் குழாயில் காந்தம். ஏறினோம், நின்றது, தள்ளினோம். அதற்கடுத்து புது பிளக். தள்ளினோம். அதற்கடுத்து குடம் போல வாய் அகன்ற சைலன்சர். கார் நிற்பதற்கு முன்பே போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார்.

“இன்னா சார் இது, ஹெலிகாப்டரா?”

“பொகை ஈஸியா வெளியே போறது, பின்னழுத்தம் கொறைஞ்சிருக்கு சார். முக்கால் குதிரை லாபம்.”

“சத்தத்தைக் கொற சார் முதல்ல. நீ குதிரை வளர்த்தா இன்னா, யானை வளர்த்தா இன்னா?”

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். விநாடி குறைந்துகொண்டே வந்தது. அதுதான் கொடுமை. கடிகாரம் என் கையில்தான் இருந்தது. நின்று தொலைக்கிற கார், நிற்பதற்கு முன்னால் வாராவாரம் கொஞ்சம் வேகமாக ஏறியது. மாமா குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் எழுதுவார்: “ஆனந்தமான செய்தி. இன்று காலை மேலும் ஒன்றேகால் குதிரை சேர்ந்துள்ளது.” மூன்றாம் மாடிக்காரர் ஒருவர் பழக்கதோஷத்தில் “ஆழ்ந்த இரங்கல்” என்று போட்டார். இரங்கல் அவருக்கில்லை, எங்களுக்குத்தான் பொருந்தும் என்று நான் பதில் போட்டேன்.

இப்படியே நாலைந்து மாதம் ஓடியபின், கடைசியாகக் காரின் முதுகில் ரேஸ் காரில் இருப்பதுபோல் ஓர் இறக்கை முளைத்தது. அன்றைக்கு மாமி கீழே இறங்கி வந்தார். மாமி அதிகம் பேச மாட்டார். பேசினால் தீர்ப்பு.

“ஏன்னா, இது கோயிலுக்குப் போற காரா, கருவாட்டு வண்டியா? உள்ள உக்காந்தா மூச்சு விட முடியலை. இறக்கை வேற! நெஜமாவே சக்தி ஏறியிருக்குன்னா அதை அளக்கற மெஷின்ல ஏத்திக் காட்டுங்கோ. ஏறலேன்னா வண்டியை வித்துடணும். அவ்ளோதான்.”

மாமா, “காட்றேன்” என்று ஒரே சொல்லில் முடித்தார். அப்புறம் அந்த வாரம் முழுக்க காரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார். அந்த மனிதருக்குச் சீட்டாட்டம் கிடையாது, சபா கச்சேரி கிடையாது, காலையில் பூங்காவில் வட்டம் போட்டுச் சிரிக்கிற கும்பல் கிடையாது. அந்தக் கார் போனால் ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஒன்றுமில்லை. அது அவர் முகத்திலேயே தெரிந்தது.

பெருங்குடியில் ஒரு பட்டறையில் அந்த மெஷின் இருந்தது. காரின் சக்கரங்களை உருளைகள் மேல் நிறுத்தி, இருந்த இடத்திலேயே ஓடவிட்டு இன்ஜினின் சக்தியை அளக்கும். எல்லோரும் போனோம். மாமியும் வந்தார். லோடுகள் ஏற வேண்டாம் என்று பட்டறைக்காரர் சொன்னதும் மாமாவுக்கு அப்போதே முகம் மாறியது.

இன்ஜின் உறுமியது. இறக்கை நடுங்கியது. திரையில் எண் வந்தது.

“இருபத்தொம்போது சார்” என்றார் பட்டறைக்காரர்.

“இருபத்தொம்போது கூடியிருக்கா?”

“மொத்தமே இருபத்தொம்போதுதான் சார். கம்பெனி குடுத்ததுல எட்டு போயிடுச்சு. நீங்க மாட்டின சாமான் எல்லாத்தையும் கழட்டினா திரும்பி வந்துடும்.”

“மெஷின் ரிப்பேர்” என்றார் மாமா. குரல் அவர் குரலாகவே இல்லை.

நான் விடவில்லை. “அப்போ பாலத்துல எப்படி வேகமா ஏறுச்சு? கடிகாரத்தை நான்தானே பிடிச்சேன்?” பட்டறைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன். கையை ஓங்கினேனா, பேண்ட் இடுப்பிலிருந்து நழுவிவிட்டது. பிடித்துக்கொண்டேன்.

மாமி என்னையே பார்த்தார். அப்புறம் ஸ்டெல்லா அக்காவைப் பார்த்தார். அப்புறம் மாமாவைப் பார்த்தார்.

“ஏன்னா, இவாளைக் கடைசியா எப்போ எடை போட்டேள்?”

பட்டறையிலேயே சாமான் நிறுக்கும் தராசு ஒன்று இருந்தது. ஏறினேன். எண்பத்தாறு. அக்கா ஏறினார். எண்பத்தொன்று. வாராவாரம் பாலத்திலிருந்து குப்பம் வரை கார் தள்ளினால் வேறென்ன ஆகும்? அந்தோணி மட்டும் ஒரு கிலோகூட இறங்கவில்லை.

ஸ்டெல்லா அக்கா இடுப்பில் கைவைத்துச் சிரித்த சிரிப்பில் உருளை தானாகச் சுற்றியிருக்கும். “மாமா! குதிரை இன்ஜின்ல இல்ல மாமா. நானும் அண்ணனும்தான் குதிரை!”

சாமான் மாட்டியதால் கார் கெட்டது. கெட்டதால் நாங்கள் தள்ளினோம். தள்ளியதால் இளைத்தோம். இளைத்ததால் கார் வேகமாக ஏறியது. ஏறியதால் மாமா இன்னொரு சாமான் வாங்கினார். இவ்வளவுதான் விஷயம். என் டாக்டர் வருஷக்கணக்கில் கத்தியும் நடக்காததை ஒரு பிவிசி எல்போ நடத்திவிட்டது.

மாமா தலை குனிவார், மாமி காரை விற்கச் சொல்வார் என்று நினைத்தேன். ஆனால் மாமா என்ன செய்தார் தெரியுமா? மாமியைப் பார்த்து நிமிர்ந்து நின்றார்.

“அப்படின்னா சோதனையே செல்லாது. லோடு தப்பு. லோடு நேர்மையா இருந்திருந்தா சாமானோட தப்பு அப்பவே தெரிஞ்சிருக்கும். பொங்கல் வரைக்கும் டைம் குடு. எல்லாத்தையும் கழட்டிட்டு, சரியான லோடோட ஒவ்வொண்ணா மாட்டிப் பாக்கறேன்.”

“பொங்கல் வரைக்கும்தான்” என்றார் மாமி. அந்த அம்மாளும் அவர் முகத்தைப் படித்திருக்க வேண்டும்.

கார் பிழைத்தது. எங்களைப் பலி கொடுத்து. அன்று மாலை வாட்ஸ்அப் குழுவில் செய்தி: “முந்தைய முடிவுகள் ரத்து. லோடுகள் முன்னறிவிப்பின்றி எடை குறைத்ததே காரணம்.” லோடுகள்! உள்ளங்கை கொப்பளிக்கத் தள்ளியவர்களைப் பற்றி எழுதுகிற எழுத்தா இது?

அடுத்த ஞாயிறு கீழே போனேன். என் முன்சீட்டில் மணல் மூட்டை. பின்சீட்டில் இன்னும் இரண்டு. மணல் மூட்டைக்கு சீட் பெல்ட் போட்டிருந்தார். என்னை ஒருநாள்கூட பெல்ட் போடச் சொன்னதில்லை.

“மணல் இளைக்காது, சண்முகம்” என்றார். கிளம்பிப் போய்விட்டார்.

“மூட்டை எதிர்த்துப் பேசாது, அதான் இட்டுகினு போறாரு” என்றார் ஸ்டெல்லா அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அவரும் கார் திரும்பிய முனையைப் பார்த்துக்கொண்டேதான் ஆட்டோவில் ஏறினார்.

போன ஞாயிறு, நடக்கப் போகிற சாக்கில் மேம்பாலம் பக்கம் போனேன். நினைத்தபடியே பாதி ஏற்றத்தில் கார் நின்றிருந்தது. மூட்டைகள் உள்ளே சௌகரியமாக உட்கார்ந்திருந்தன. மாமா வெளியே இறங்கி, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, தோளைக் கதவில் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நான் போய்ப் பின்னால் கை வைத்தேன். கார் நகர்ந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

“சண்முகம், நீர் இப்போ என்ன வெயிட்?” என்று மட்டும் கேட்டார்.

என் வெயிட் இருக்கட்டும். பதில் சொல்ல வேண்டியவர் அவர். எங்கள் குடியிருப்புக் குழுவில், அத்தனை பேரும் படிக்கும்படி, குதிரை மாமா இதற்குப் பதில் எழுதியாக வேண்டும்: எழுபத்திரண்டு வயதில், கூப்பிடு தூரத்தில் நான் இருக்கும்போது, தனியாகக் கார் தள்ள உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது?