பெயரில்லாத பயோடேட்டா

"நேத்து சரின்னவன் இன்னைக்கு எப்படி வராம போவான்?" என்று மேலாளர் குபிஷ் கத்தினார்.

"நம்ம வேலைக் கடிதத்தைக் காட்டியே பழைய கம்பெனியில சம்பளத்தை ஏத்திக்கிட்டானாம் சார்," என்றாள் ஸ்லாதிட்சா.

ஸ்லோவாக்கியாவின் ஷிலினா நகரில் கார் இருக்கை செய்யும் அந்தத் தொழிற்சாலைக்கு ஆளெடுப்பது அவள் வேலை. ரோபோ வெல்டிங் தெரிந்த இன்ஜினியர் ஒருவர் வேண்டும். தெரிந்தவர்கள் எல்லாரும் ஜெர்மனியில் இருந்தார்கள், அவள் கணவன் ராதோவான் உட்பட. ஆறு வருடமாக மாதம் ஒருமுறை வந்துகொண்டிருந்தவன், மூன்று மாதமாக ஓவர்டைம் என்று வரவேயில்லை. மேஜையில் ஒரு தட்டு வைத்துச் சாப்பிட அவளுக்கு வெறுத்துப்போயிருந்தது.

சம்பளத்தைக் கூட்டி விளம்பரம் போட்டாள். முதலில் படித்தது அங்கேயே வேலை பார்த்த வெல்டிங் இன்ஜினியர் லுபோஷ்.

"புதுசா வர்றவனுக்கு இவ்வளவா? அப்ப நானும் புதுசாவே வர்றேன்," என்று ராஜினாமாவை நீட்டினான்.

இப்போது இரண்டு இடம் காலி. ஆள் பிடித்துத் தருபவருக்குப் போனஸ் என்று அறிவித்தாள். லுபோஷ் தன்னையே சிபாரிசு செய்துவிட்டுப் போனஸும் கேட்டான்.

"தாயே, இன்னும் ஒரு யோசனை சொல்லாத. ஃபாக்டரியையே மூடணும்," என்றார் குபிஷ்.

கடைசியில் ஒரு ஏஜென்சியிடம் போனாள். கம்பெனி நேரடியாகப் பேசிவிட்டால் கமிஷன் போய்விடுமென்று அவர்கள் பெயரையும் போன் நம்பரையும் அழித்துத்தான் பயோடேட்டா அனுப்புவார்கள்.

வந்ததைப் படித்தாள். ரோபோ வெல்டிங். ஆறு வருடம் ஜெர்மனியின் பவேரியாவில். நாடு திரும்ப விருப்பம். பொழுதுபோக்கு: காளான் பறித்தல், சாப்பிடுவதில்லை.

பறித்துப் பறித்து ஊருக்கே கொடுத்துவிட்டு ஒரு துண்டைக்கூட வாயில் வைக்காத மனிதன் ஸ்லோவாக்கியாவில் ஒருவன்தான் உண்டு. ராதோவான் சொல்லாமல் வந்து நின்று அசத்தப் பார்க்கிறான் என்று நினைத்தாள். கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

"இந்த ஆளை விடக் கூடாது சார்," என்றாள் குபிஷிடம்.

"ஆள் யாருன்னே தெரியாது, அதுக்குள்ள இவ்வளவு பாசமா!"

வேலைக் கடிதம் ஏஜென்சி வழியாகப் போனது. பதில் இல்லை. சம்பளத்தை இருநூறு யூரோ கூட்டினாள். பதில் இல்லை. 'குடும்பத்தோடு நிம்மதியாக வாழ ஏற்ற ஊர்' என்று தன் கையாலேயே ஒரு பக்கம் எழுதிச் சேர்த்தாள். அன்று சாயங்காலம் கடைக்குப் போய் இரண்டு பேருக்கு இறைச்சி வாங்கினாள்.

மறுநாள் காலை ஏஜென்சிப் பெண் சிமோனா போன் செய்தாள்.

"மன்னிச்சுக்குங்க மேடம், அவர் கோஷித்செயில சேர்ந்துட்டார்."

"அது நாட்டோட அந்தக் கோடியாச்சே! அங்க சம்பளம் அதிகமா?"

"இல்ல மேடம், உங்களைவிடக் கம்மிதான். சம்பளத்தைப் பார்த்து மனசு மாறுவார்னுதான் நாங்க உங்களுக்கு அனுப்பினோம். ஆனா ஷிலினா மட்டும் வேண்டாம், அங்க என் சம்சாரம் இருக்காள்னு அவர் முதல் நாளே சொல்லிட்டார்."