திஸ்ர நடையில் ஒரு பெட்பேன்

சபாவில் தூங்குவது ஒரு தப்பே இல்லை. மார்கழி மாதத்து மயிலாப்பூரில் ஏசி அரங்கு, மெத்தை இருக்கை, வயிறு நிறைய கேன்டீன் டிபன் எல்லாம் சேர்ந்தால் விழித்திருப்பவனைப் பார்த்துத்தான் ஆச்சரியப்பட வேண்டும். தூக்கத்தில் எழுந்து நின்று பேசுவதுதான் தப்பு. அதை நான் செய்திருக்கிறேன், அதுவும் வித்வான்களுக்கு நேர் எதிரே.

முதலில் என் மனைவி ராஜியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னைக் கூப்பிட்டது "ஏன்னா" என்றுதான். சமையலறையிலிருந்து ஒரு "ஏன்னா" வந்தால் தெருக்கோடியில் நிற்கும் என் காதில் விழும். (தெருவில் இருக்கும் மற்ற புருஷர்களும் திரும்பிப் பார்ப்பார்கள்.) பக்கவாதம் வந்து அவளுடைய வலது பக்கத்தையும் பேச்சையும் எடுத்துக்கொண்டபோது அந்த "ஏன்னா"வும் போய்விட்டது. மிஞ்சியது இடது கை. அதில் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கொடுத்தேன். கட்டிலின் இரும்புக் கம்பியில் இரண்டு தட்டு தட்டினால் தண்ணீர். மூன்று தட்டினால் பெட்பேன். நிறுத்தாமல் தட்டினால் கோபம்.

பெட்பேன் விஷயத்தில் என்னைத் தவிர வேறு யாரும் கிட்டே வரக் கூடாது. உதவிக்கு வைத்த நர்சம்மாவைக் கண்டாலே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். ஆகவே ராத்திரி பகல் எல்லாம் நான்தான். உட்கார்ந்த இடத்தில் தூங்கினேன், நின்ற இடத்தில் தூங்கினேன், ஒரு நாள் தோசை வார்த்துக்கொண்டே தூங்கினேன். (தீய்ந்த வாசனைதான் எழுப்பியது.)

அந்த மார்கழிக்கு எங்கள் ஒரே பெண் வித்யா அமெரிக்காவிலிருந்து வந்தாள். வந்த மறுநாளே என் முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"அப்பா, உங்களுக்கு கேர்கிவர் ஸ்ட்ரெஸ். பண்டிகை சீசன்ல அது ஜாஸ்தியாகுமாம். மியூசிக் கேட்டா குறையும்னு சொல்றா."

"கேர்கிவரா? நான் இத்தனை நாள் உங்கம்மாவோட ஆம்படையான்னுன்னா நினைச்சிண்டிருக்கேன்."

"ஜோக்கெல்லாம் போறும். இன்னிக்கு சாயங்காலம் என் டிக்கெட்ல நீங்க கச்சேரிக்குப் போறேள். அம்மாவை நான் பாத்துக்கறேன்."

காய்கறிக் கடைக்குப் போய்வரும் நேரத்துக்கு மேல் நான் ராஜியை விட்டுப் பிரிந்ததில்லை. "மூணு தட்டினான்னா..." என்று வித்யாவுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். ராஜி டம்ளரை எடுத்துக் கம்பியில் விடாமல் தட்டினாள். போய்த் தொலையேன் என்று அர்த்தம்.

போனேன். வர்ணம் கேட்டேன். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து இருக்கை மாமாவின் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு, அப்படி ஒரு தூக்கம்.

அப்போது தனி ஆவர்த்தனம் வந்திருக்கிறது. பாடகர் ஓய்வெடுக்க, மிருதங்கமும் கடமும் மட்டும் மாற்றி மாற்றி வாசிக்கிற நேரம். கட வித்வான் திஸ்ர நடைக்குப் போனார். அதாவது மூன்று மூன்றாகத் தட்டுவது. டங் டங் டங். டங் டங் டங். அதையும் நிறுத்தாமல் தட்டினார்.

பெட்பேன் வேண்டும், கோபமாகவும் இருக்கிறாள். துள்ளி எழுந்தேன்.

"இதோ வந்துட்டேன்டி ராஜி! பெட்பேன் எடுத்துண்டு வரேன், கொஞ்சம் பொறுத்துக்கோடி!"

சொன்னதோடு நின்றேனா? பக்கத்து மாமாவின் மடியிலிருந்த எவர்சில்வர் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். அதிலிருந்த போண்டாக்கள் அரங்கின் படிகளில் உருண்டன. கடம் நின்றது. மிருதங்க வித்வான் அங்கவஸ்திரத்தால் வாயைப் பொத்திக்கொண்டார். அரங்கமே சிரித்தது. "பாவம், சிரிக்காதேங்கோ, ஆத்துல யாருக்கோ முடியலை போலருக்கு" என்று ஒரு மாமி சொன்னாள். சிரிப்பைக்கூடத் தாங்கிக்கொண்டேன், அந்தப் "பாவம்"தான் தாங்கவில்லை.

வாசலில் நின்ற தொண்டரிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டு ஆட்டோவில் ஏறினேன்.

"இன்னா சார், கச்சேரி அதுக்குள்ள முட்ஞ்சிபோச்சா?"

"எனக்கு முடிஞ்சுடுத்துப்பா. நீ சீக்கிரம் போ."

வழியெல்லாம் ஒரே பயம், அவள் நிஜமாகவே தட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று.

வித்யா சிரித்த முகமாகக் கதவைத் திறந்தாள். "அம்மா ரொம்ப சமத்துப்பா. ஒரு தடவைகூடத் தட்டலை. ரெண்டு பேரும் போன்ல பாட்டு கேட்டுண்டிருந்தோம்."

இத்தனை நேரத்தில் ஒரு தடவைகூடவா? அவளைக் காபி போடச் சொல்லி அனுப்பிவிட்டுப் போர்வையை விலக்கினேன். விரிப்பு நனைந்து சில்லிட்டுக் கிடந்தது. டம்ளர் தலையணைக்கு அடியில் இருந்தது. அவளே ஒளித்து வைத்திருக்கிறாள். தட்டினால் பெண் வந்து பார்ப்பாள், அது வேண்டாம். பெண் எனக்கு போன் போடுவாள், அதுவும் வேண்டாம். நான் நிம்மதியாக முழுக் கச்சேரியும் கேட்க வேண்டும். ராஜி என் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணீர் காதோரம் வழிந்துகொண்டிருந்தது. நானும் அழுதேன், மறைக்கவெல்லாம் இல்லை.

அவள் வெட்கம் போகட்டும் என்று, விரிப்பை மாற்றிக்கொண்டே என் மானம் போன கதையைச் சொன்னேன். டப்பாவைப் பிடுங்கிய இடத்தில் அவள் வயிறு குலுங்கியது. போண்டா உருண்டபோது சத்தமே வந்துவிட்டது. பாதி முகம்தான் சிரித்தது. படுக்கையில் விழுந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். காபியோடு வந்த வித்யா அப்படியே வாசற்படியில் நின்றுவிட்டாள்.

அதன் பிறகு ராஜிக்கு அதுவே விளையாட்டாகிவிட்டது. ஒன்றும் வேண்டாமலே மூன்று மூன்றாகத் தட்டுவாள். நான் பெட்பேனும் கையுமாக ஓடி வந்து நின்றால் பாதி வாயால் சிரிப்பாள். "அடிப்பாவி, என்னைப் பாத்தா உனக்கு அவ்வளவு வேடிக்கையா இருக்கா?" என்பேன். ஆடி மாதத்தில் ஒரு நாள் காலையில் டம்ளர் சத்தமே இல்லை. இன்றைக்கு இது என்ன புது விளையாட்டோ என்று நினைத்து, நிதானமாகப் பல் தேய்த்துவிட்டு வந்தேன்.

இன்றும் எங்கள் குடும்பத்தில் யாராவது ஒரு பாத்திரத்தைத் தட்டினால் போதும், "பெட்பேன்!" என்று குரல் வரும். வித்யா போனிலேயே மேஜையைத் தட்டிக் காட்டுவாள். நானும் சிரிப்பேன். விளிம்பு நசுங்கிய அந்த டம்ளரில்தான் இப்போது காபி குடிக்கிறேன்.

போன மார்கழியில் வித்யா என்னை அதே சபாவுக்கு அழைத்துப் போனாள். இப்போதெல்லாம் ராத்திரி முழுக்கத் தூங்கலாம், கூப்பிட ஆளில்லை. ஆனால் தூக்கம்தான் வருவதில்லை. தனி ஆவர்த்தனம் வந்தது. கடம் மூன்று மூன்றாகத் தட்ட ஆரம்பித்தது. வித்யா சிரிப்பை அடக்கிக்கொண்டு என் கையைப் பிடித்தாள்.

"அப்பா, எழுந்துடாதேங்கோ."

"இல்லைம்மா" என்றேன். "அது வெறும் கடம்தான்."

கச்சேரி முடியும்வரை அவள் என் கையை விடவில்லை.