என் மனைவியின் மடிக்கணினி விடுதலை பெற்ற வரலாறு

மனிதகுலத்தின் விடுதலை வரலாற்றை இனி எழுதப்போகிறவர்கள், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையை விட்டுவிட்டு எழுத முடியாது. அந்த மேசையின் மேல்தான் என் மனைவியின் மடிக்கணினி தளை அறுந்து சுதந்திரக் காற்றைச் சுவாசித்தது. அப்போது அவள் வீட்டில் இல்லை. தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். அதை நான் ஒரு குறையாக நினைக்கவில்லை. பெரிய காரியங்கள் நடக்கும்போது சம்பந்தப்பட்டவர்கள் எங்காவது வெளியே போயிருப்பது வழக்கம்தான்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே என் கணினித் திரையின் பின்னணிப் படத்தை மாற்றக்கூட எனக்கு உரிமை கிடையாது. மாற்ற அனுமதி வேண்டும் என்று ஒருமுறை எழுதிப் போட்டேன். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. இன்னும் பரிசீலித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பகல் முழுக்க இப்படிக் கட்டுண்டு கிடக்கிறவன், வீட்டுக்கு வந்ததும் யாரையாவது விடுதலை செய்யாமல் எப்படி இருக்க முடியும்?

லினக்ஸ் என்றால் என்னவென்று தெரியாத அப்பாவிகளுக்காக ஒரு சிறு விளக்கம். கணினியைக் கடையில் வாங்கும்போதே உள்ளே ஒரு சிஸ்டம் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். மக்கள் அதை வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். இதுதான் அடிமைத்தனம். அதை அடியோடு துடைத்துவிட்டு லினக்ஸைப் போட்டுக்கொண்டால் விடுதலை. லினக்ஸில் எத்தனையோ வகைகள் உண்டு. எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் உங்களுக்கு இருக்கிறது, இப்போது போட்டிருப்பதைத் தவிர. இப்போது போட்டிருப்பது தவறான வகை என்று எடுத்துச் சொல்ல எங்கள் 'பயனர் சுதந்திரக் குழும'த்தில் ஒருவர் எப்போதும் தயாராக இருப்பார்.

குழுமத்தின் தலைவர் ஒரு பல் டாக்டர். பல்லைப் பிடுங்குவதற்கும் பழைய சிஸ்டத்தைப் பிடுங்குவதற்கும் பெரிய வித்தியாசமில்லை, இரண்டிலும் நோயாளி எதிர்த்துப் பேசக் கூடாது என்பார். சொந்தக்காரர், நண்பர் என்று அவர் விடுதலை செய்யாத வீடு கிடையாது. தன் கிளினிக்கில் இருக்கும் கணினியை மட்டும் அவர் தொடவில்லை. பல்லை எக்ஸ்ரே எடுக்கும் கருவி அதில்தான் ஓடுகிறது என்றும், 'அது தொழில் சம்பந்தப்பட்டது' என்றும் காரணம் சொன்னார். நாங்கள் அதைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டோம்.

செயலாளர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஆசிரியர். ஊரில் பாதிப் பேரை டிரைவர் ஆக்கியவர். ஆனால் அவருடைய சொந்தக் கணினியில் ஒலியை இயக்கும் 'டிரைவர்' என்ற நிரலை மட்டும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. பல வருடங்களாகச் சத்தம் இல்லாமலே பாட்டுப் பார்க்கிறார். 'கேட்க வேண்டும்' என்ற ஆசையைக் கடந்துவிட்ட மனிதர் என்பதால் குழுமத்தில் அவருக்குத் தனி மரியாதை.

இனி விடுதலை பெற்ற கதைக்கு வருகிறேன். என் மனைவி ஒரு பெரிய துணிக்கடையில் ஒலிபெருக்கி அறிவிப்பாளராக இருந்தவள். தொலைந்துபோன பிள்ளைகளின் அம்மாக்களையும், தப்பாக நிறுத்திய வண்டிகளின் சொந்தக்காரர்களையும் அவள் குரல்தான் கூப்பிட்டு வரவழைத்தது. அந்தக் கடையை ஒரேயடியாக மூடிவிட்டபின் வீட்டில் இருந்தாள். சும்மா இருக்கவில்லை. குரலைப் பதிவு செய்வது, இரைச்சலை நீக்குவது, மூச்சு வாங்கும் சத்தத்தை வெட்டுவது என்று எல்லாவற்றையும் அந்த மடிக்கணினியில் தானே தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டாள். புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவாக வெளியிடும் ஒரு நிறுவனத்துக்கு மாதிரி அனுப்பினாள். அவர்களுக்குப் பிடித்துப்போய், வெள்ளிக்கிழமை காலை இணையம் வழியாகக் குரல் தேர்வு என்று சொல்லியிருந்தார்கள். அந்த வாரம் முழுக்க அவள் தயிர், ஐஸ், அப்பளம் எதையும் தொடவில்லை. வீட்டில் இருந்த இருமல் மருந்துக்கு அவள் காட்டிய மரியாதையை எனக்குக் காட்டியதில்லை.

இந்த நிலையில் அவள் ஒரு வார்த்தை சொன்னாள். "இது திறக்கக் கொஞ்சம் நேரமாகுதுங்க."

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சாதாரண வாக்கியம். எனக்கு அதில் ஒரு ஜீவனின் அலறல் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை அவள் தங்கை வீட்டுக்குக் கிளம்பிய கையோடு குழுமத்தின் அவசரக் கூட்டத்தைச் சாப்பாட்டு மேசையில் கூட்டினேன். 'வெண்புறா' வகையைப் போடுவதா, 'கருஞ்சிறுத்தை' வகையைப் போடுவதா என்பதில் தலைவருக்கும் செயலாளருக்கும் வாக்குவாதம் கைகலப்பு வரைக்கும் போனது. இதைப் பயன்படுத்தப் போகிறவருக்கு எது தோது என்ற கேள்வி கூட்டத்தில் எழவே இல்லை. கண்ணியமான கூட்டம். கடைசியில் வெண்புறாவே வென்றது. அவளுடைய பதிவுகளைப் பத்திரமாக நகல் எடுத்தோம் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். சாயங்காலம் அவள் திரும்பியபோது கணினி கண் இமைப்பதற்குள் திறந்தது.

"அடேயப்பா, சீக்கிரம் தெறக்குதே" என்றாள். தலைவர் மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு அவள் தன் பதிவு ஒன்றை ஓட்டிப் பார்த்தாள்.

"சத்தம் வரலையே."

"சத்தம் வரலைன்னு சொல்லக் கூடாது, தங்கச்சி" என்றார் தலைவர். "சத்தத்தை இன்னும் இயக்கலைன்னு சொல்லணும்."

"சரி, இயக்குங்க."

"அதுக்கு ஆராய்ச்சி பண்ணணும்."

"எனக்கு வெள்ளிக்கிழமை தேர்வு, டாக்டர். சத்தம் இல்லாம நான் என்ன பண்ணுவேன்?"

இதற்குச் செயலாளர், தான் பல வருடங்களாகச் சத்தம் இல்லாமல்தான் இருப்பதாகவும், பழகிவிட்டால் மனசுக்கு அமைதியாக இருக்கும் என்றும் கனிவோடு எடுத்துச் சொன்னார். என் மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். துணிக்கடையில் தப்பாக வண்டி நிறுத்தியவர்களை அவள் பார்த்திருக்கக்கூடிய பார்வை அது.

குழும வழக்கப்படி, பிரச்சினையை லினக்ஸ் அன்பர்களின் இணைய மன்றத்தில் பதிவிட்டேன். உலகெங்குமிருந்து பதில்கள் வந்தன. கையேட்டைப் படித்தீர்களா என்று ஒருவர் கேட்டார். வெண்புறாவைப் போட்டதுதான் தப்பு என்றார் இன்னொருவர்; அவர் பெயரில்லாமல் எழுதினாலும் அது எங்கள் செயலாளர்தான் என்று எனக்குத் தெரியும். மற்றவர்கள் எல்லாரும் எழுதியது இது: 'எனக்கும் இதே பிரச்சினை. தீர்வு கிடைத்தால் சொல்லவும்.' இதைப் படித்ததும் எனக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. பிரச்சினை தீராவிட்டாலும், அதே பிரச்சினையோடு இத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற ஆறுதலை வேறு எந்தச் சிஸ்டம் தரும்?

திங்கள் சாயங்காலம் ஸ்பீக்கரில் சத்தம் வந்தது, மைக் போய்விட்டது. செவ்வாயன்று மைக் வந்தது, ஸ்பீக்கர் போய்விட்டது. பழைய சிஸ்டத்தையே திரும்பப் போட்டுவிடச் சொல்லி அவள் கெஞ்சினாள். பின்வாங்குவது குழுமத்தின் கொள்கைக்கு விரோதம் என்று விளக்கினேன். அதன்பிறகு என்னோடு அவள் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். குரலைத் தேர்வுக்காகச் சேமிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை தலைவர் கிளினிக்குக்குப் போகும் வழியில் வந்தார். செயலாளரும் வந்தார். அவர் ஏதோ கட்டளைகளைத் தட்ட, ஒரு அதிசயம் நடந்தது. என் மனைவி மைக்கின் முன்னால் ஒரு வரி வாசித்தாள். அது அப்படியே திரும்பக் கேட்டது. சுத்தமான, ஈரமான குரல். வாரம் முழுக்க இறுகிக் கிடந்த அவள் முகம் தளர்ந்தது. "ரொம்ப நன்றி சார்" என்று செயலாளரிடம் சொல்லிவிட்டு, தொண்டைக்கு வெந்நீர் வைத்துக் குடிக்கச் சமையலறைக்குப் போனாள்.

எல்லாம் வேலை செய்கிறது. தேர்வுக்கு இன்னும் சற்று நேரம் இருக்கிறது. இந்த இடத்தில் சாதாரண மனிதன் என்ன செய்வான்? கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நிற்பான். எங்களை அவனிடமிருந்து பிரித்துக் காட்டுவது அடுத்து நடந்த உரையாடல்தான்.

"எல்லாம் சரியா ஓடுது" என்றார் செயலாளர்.

"ஆமா" என்றார் தலைவர்.

"அப்ப ஒரு சின்ன அப்டேட் பண்ணிடலாமா?"

"சும்மாதானே இருக்கோம்" என்றேன் நான்.

அவள் வெந்நீர் டம்ளரோடு திரும்பி வந்தபோது திரை முழுக்கக் கறுப்பாக இருந்தது. இடது மூலையில் ஒரு சிறு கோடு மட்டும் விட்டுவிட்டு மின்னியது. அவள் டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

"பயப்படாதீங்க, தங்கச்சி" என்றார் தலைவர். "கோடு துடிக்குது பாருங்க. உயிர் இருக்கு."

அவள் டம்ளரை மேசையில் வைத்தாள். கைப்பேசியை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போனாள். எட்டிப் பார்த்தேன். துணி அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்துவிட்டு, தொங்கும் புடவைகளுக்கு நடுவில் கால்களை மடக்கி உட்கார்ந்துகொண்டாள். துணிகள் இரைச்சலைக் குடித்துவிடும் என்று அவள் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. அப்போது நான் ஏதோ ஒரு லினக்ஸ் வகையை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டிருந்ததால் சரியாகக் கேட்கவில்லை. அலமாரிக் கதவை உள்ளேயிருந்து இழுத்துச் சாத்தினாள். அறைக் கதவை நான் சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் அவள் வாசிக்கும் குரல் கேட்டது. அலமாரிக் கதவையும் அறைக் கதவையும் தாண்டி வந்தும் அது நன்றாக இருந்தது. கதவருகிலேயே நின்று கேட்டேன். மேசைக்குத் திரும்ப மனம் வராததற்கு அந்த மின்னும் கோடுதான் காரணம் என்று எடுத்துக்கொண்டேன்.

செயலாளர் மட்டும் மனம் தளராமல் தட்டிக்கொண்டே இருந்தார். திடீரென்று திரை ஒளிர்ந்தது. வெண்புறா சிறகை விரித்தது. கூடவே, வாரம் முழுக்க எங்கேயோ ஒளிந்திருந்த ஒலி மொத்தமும் ஒரே நேரத்தில் வெளியே வந்தது. வெண்புறாவின் வரவேற்பு இசை அது. முரசும் எக்காளமுமாக நீண்டது. எந்தப் பொத்தானை அழுத்தியும் குறையவில்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. செயலாளரின் கண்களில் நீர் நிறைந்தது. தலைவர் அவரைக் கட்டித் தழுவினார்.

இசை ஓய்ந்தபோது படுக்கையறையிலிருந்து அவள் குரல் கேட்டது. "மன்னிச்சுக்கோங்க சார். பக்கத்துல ஏதோ வேலை நடக்குது. திரும்பவும் முதல்லேயிருந்து வாசிக்கிறேன்."

அவர்கள் வாசிக்கச் சொல்லவில்லை. குரல் மிக நன்றாக இருக்கிறது, ஆனால் வீட்டிலிருந்து வேலை செய்யத் தோதான சூழல் உங்களுக்கு இல்லை போலிருக்கிறது என்று தன்மையாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள். அலமாரியிலிருந்து வெளியே வந்து அவளே இதை எங்களிடம் சொன்னாள். தலைமுடியில் பாச்சை உருண்டை வாசம் வீசியது. ஆறிப்போன வெந்நீரை எடுத்துத் தொட்டியில் ஊற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை குழுமக் கூட்டம் வழக்கம்போல எங்கள் சாப்பாட்டு மேசையில் நடந்தது. வெண்புறாவில் ஒலியை மீட்ட செயலாளருக்குப் பாராட்டுத் தீர்மானமும், விடுதலை பெற்ற பயனருக்கு வாழ்த்துத் தீர்மானமும் நிறைவேறின. வாழ்த்தைப் படித்துக் காட்டுவதற்காக என் மனைவியைக் கூப்பிட்டோம். அவள் வந்து நின்று முழுவதையும் கேட்டாள். பிறகு தலைவர் பக்கம் திரும்பினாள்.

"உங்க கிளினிக்ல இருக்கிறதை ஏன் மாத்தல, டாக்டர்?"

"அது தொழில் சம்பந்தப்பட்டது, தங்கச்சி."

"அப்ப என்னுது?"

தலைவர் தன் பற்களை நாக்கால் எண்ணிப் பார்ப்பவர்போல இருந்தார். செயலாளர் மௌனமாக இருந்தார்; அதில் அவருக்கு நல்ல பயிற்சி உண்டு. அவள் என்னைப் பார்த்தாள். அறிவிப்புக் குரல் இல்லை, வாசிக்கும் குரலும் இல்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"விடுதலை விடுதலைன்னீங்களே. அது என் கம்ப்யூட்டர். நானே கத்துக்கிட்டு, நானே வேலை பண்ணிக்கிட்டிருந்தேன். அதை யாருகிட்டேயிருந்துங்க விடுவிச்சீங்க?"

மடிக்கணினியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவைத் தாழிட்டுக்கொண்டாள். மேசையில் அது இருந்த இடம் மட்டும் தூசி இல்லாமல் இருந்தது.

விடை தெரியாத எதையும் மன்றத்தில் பதிவிட வேண்டும் என்பது விதி. விதியை மீறாமல், அவள் கேட்ட கேள்வியை ஒரு சொல்லும் மாற்றாமல் பதிவிட்டேன். எங்கள் மன்ற வரலாற்றிலேயே இவ்வளவு வேகமாக இத்தனை அன்பர்கள் பதில் எழுதியதில்லை என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். கையேட்டைப் படிக்கும்படி ஒருவர்கூடச் சொல்லவில்லை. வகையை மாற்றும்படியும் சொல்லவில்லை. எல்லாரும் எழுதியிருந்தது ஒன்றுதான்:

'எங்கள் வீட்டிலும் இதே பிரச்சினை. தீர்வு கிடைத்தால் சொல்லவும்.'