மூன்று முறை நடந்த குடை

நான் தவறு செய்துவிட்டேன் என்று என் வாயால் ஒப்புக்கொண்டது வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். மற்ற சமயங்களில் ஒப்புக்கொள்ளாததற்குக் காரணம், நான் தவறு செய்யவில்லை என்பதே. (வீட்டில் வேறு அபிப்பிராயம் உண்டு. அவரவர் தனியாக எழுதிக்கொள்ளட்டும்.) அந்த ஒரு முறையைக் குறித்து உறவினர் பலர் பலவிதமாகக் கண், காது, மூக்கு வைத்துப் பேசிவருவதால், உள்ளபடி எழுதிவைப்பது என் கடமையாகிறது.

வெள்ளைக்காரர் ஆட்சி நடந்த காலம். பூந்தமல்லியில் எங்கள் தெருவில் பி.ஏ. தேறிய முதல் ஆள் நான். இதை நானாக யாரிடமும் சொன்னதில்லை. பேச்சு அந்தப் பக்கம் வரும்படி மட்டும் பார்த்துக்கொள்வேன். என் சித்தப்பா அப்போது கொச்சியில் ஒரு மிளகு மண்டியில் கிடங்கு பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மண்டியின் தலைமைக் குமாஸ்தா வேதாசலம், எங்களுக்கு அடுத்த ஊரான திருமழிசைக்காரர். அவருக்குக் கோமளவல்லி என்றொரு மகள். "பையன் கோடைக்கு வந்து பத்து நாள் தங்கட்டும். பழகிப் பார்த்துவிட்டு, அவன் வண்டி ஏறுமுன் என் முடிவைச் சொல்கிறேன்" என்று அவர் கூறியிருந்தார். ஓய்வெடுக்க வந்த விருந்தாளி என்பது வெளிப்பெயர். உண்மையில் நான் பரீட்சைக்குப் போனேன்.

கொச்சி நல்ல ஊர் என்பதை மறுப்பதற்கில்லை. எந்தத் தெருவில் நடந்தாலும் முடிவில் தண்ணீர் இருந்தது. காற்றில் மிளகும் சுக்கும் மணத்தன. பெரிய சீன வலைகள் சாவகாசமாக நீரில் இறங்கி, சாவகாசமாக ஏறின. நாம் அடுத்த தெருவுக்குப் போவதுபோல அவ்வூரார் அடுத்த தீவுக்குப் படகில் போய்வந்தார்கள். நான் பகலில் உறங்கினேன். வறுத்த மீன் தின்றேன். மாலையில் கோட்டு அணிந்து கடற்கரையில் உலவினேன். (சித்திரை மாதம். வியர்வை முழங்கால்வரை வழிந்தது. ஆனாலும் கோட்டு கோட்டுதான்.)

மூன்றாம் நாள், கோமளவல்லி தன் வீட்டு வாசலில் மீன்காரரிடம் வாதிட்டு வென்றதைப் பார்த்தேன். இந்தச் சம்பந்தத்தில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்னும் முடிவுக்கு வந்தேன். அன்று சோறு இறங்கவில்லை என்பது வேறு விஷயம்.

எட்டாம் நாள் இரு குடும்பமும் சேர்ந்து ஒரு தென்னந்தீவுக்குப் பகல் உணவு கட்டிக்கொண்டு கிளம்பினோம். வேதாசலம், அவர் மனைவி, கோமளவல்லி, சித்தப்பா, நான், படகோட்டி தனி. பாதி வழியில், கடலோடு கலக்கும் காயலின் நடுவே வெண்மையான மணல் திட்டு ஒன்று தென்பட்டது. மரமில்லை, ஆனால் காற்று பிரமாதம். தலைமை ஏற்க வேண்டிய நேரம் இதுவென்று எனக்குத் தோன்றியது.

"இங்கேயே இறங்கலாம்" என்றேன்.

"வேண்டா சாரே" என்றார் படகோட்டி. "ரெண்டு மணி நேரம் கழிஞ்சா இவிடம் முழுக்கத் தண்ணி கேறும்."

நான் அவருக்கு விளக்கினேன். எங்கள் ஊர்ப்பக்கம் ஏரிகள் சூழ்ந்த பூமி. சித்திரையில் தண்ணீர் விலகிய ஏரிப்படுகையில் வெள்ளரி போடுவோம். அங்கேயே ஜமக்காளம் விரித்துச் சாப்பிடுவோம். ஒருமுறை விலகிய தண்ணீர் ஐப்பசி மழைக்கு முன் திரும்பியதாகச் சரித்திரமே இல்லை.

(நிலவின் ஈர்ப்பால் கடல்நீர் நாள்தோறும் ஏறி இறங்குவதைப் பற்றி இன்டர்மீடியட் பரீட்சையில் இரண்டு பக்கம், படத்துடன் எழுதியவன் நான். அது பரீட்சைக்கான கடல். இது கண்ணெதிரே கிடந்த தண்ணீர். இரண்டையும் சம்பந்தப்படுத்த எனக்குத் தோன்றவில்லை.)

"நைனா, இது ஏரி இல்ல" என்றாள் கோமளவல்லி, தன் தகப்பனாரிடம். "இங்க தண்ணி காலீல போவும், மத்தியானம் வரும்."

"பெண்களுக்கு அச்சம் இயல்பு" என்றேன். (இன்று யாராவது என் முன்னால் இந்த வாக்கியத்தைச் சொன்னால் எழுந்து போய்விடுகிறேன்.)

"படிச்ச புள்ள சொல்லுது, எறங்கும்மா" என்றார் வேதாசலம். எனக்கு முதல் வகுப்பில் தேறியதுபோல் இருந்தது. படகோட்டியை மாலையில் வரச்சொல்லி அனுப்பினேன். அனைவருக்கும் நம்பிக்கை பிறக்கட்டும் என்று, நீரின் விளிம்பில் என் குடையை நட்டு, "தண்ணீர் இதைத் தாண்டாது" என்றும் அறிவித்தேன்.

புளிச்சோறு பரிமாறினார்கள். சர்க்கார் உத்தியோகத்தில் நான் எட்டப்போகும் படிகளை வேதாசலத்துக்கு விவரித்துக்கொண்டிருந்தேன். தாசில்தார் படியில் ஏறும்போது தண்ணீர் குடையைத் தொட்டது. "காற்றில் சாய்ந்துவிட்டது" என்று கூறி, இரண்டு அடி உள்ளே நட்டேன். டெப்டி கலெக்டர் ஆவதற்குள் மறுபடி தொட்டது. "முதலில் நட்ட இடமே சற்றுப் பள்ளம்" என்று விளக்கி, இன்னும் உள்ளே கொண்டுவந்தேன். மூன்றாம் முறை குடை, வேதாசலத்தின் மனைவியுடைய வெற்றிலைப் பெட்டியருகே வந்து நின்றது.

"இன்னாங்க, எம் பொடவ நனையுது" என்றார் அந்த அம்மாள்.

"டேய், இன்னாடா இது?" என்றார் சித்தப்பா. "கொட மூணு தபா நடந்துட்சி. நாம எப்படா நடக்கறது?"

"பதற வேண்டாம். இது தற்காலிகமானது" என்றேன்.

ஜமக்காளம் முதலில் கிளம்பியது. பின்னர் முறுக்கு டின், பூந்தமல்லியை நோக்கி நிதானமாகப் புறப்பட்டது. எங்களில் யாருக்கும் நீச்சல் தெரியாது. முழங்கால் நனைந்தபோது புளிச்சோற்றுத் தவலையைத் தலையில் தூக்கிக்கொண்டேன். எதையாவது காப்பாற்றியதாகப் பெயர் வரட்டுமே. வேதாசலத்தின் மனைவி முருகனைக் கூப்பிட்டார். சித்தப்பா என் பெயரைச் சொல்லி, முருகன் காதில் விழக்கூடாத சில சொற்களைச் சேர்த்துக்கொண்டார். தண்ணீர் தொடையை எட்டியது.

செருப்பைக் கையில் பிடித்து, தண்ணீரைப் பார்த்து நின்றிருந்த வேதாசலம் அமைதியாகக் கேட்டார்: "ஏன் தம்பி, ஐப்பசிக்கு இன்னும் எத்தினி மாசம் கீது?"

எண்ணிப் பார்த்தேன். ஆறு. தவலையை இன்னும் சற்று உயர்த்திப் பிடித்தேன்.

அப்போது கோமளவல்லி கையை வாயருகே குவித்து, "சேட்டா, வந்துடுங்க!" என்று ஒரு குரல் கொடுத்தாள். அருகிலிருந்த தென்னந்தீவின் மறைவிலிருந்து படகு வெளிப்பட்டது. இறங்கும்போதே, "ரொம்ப தூரம் போய்டாதீங்க" என்று அவள் படகோட்டியிடம் சொல்லிவைத்திருக்கிறாள். முன்னமே கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்க நினைத்தேன். தலையில் தவலையோடு அதைக் கேட்பது அழகாக இராது.

படகில் அனைவரும் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தோம். வேதாசலம் சித்தப்பாவிடம், "பையனுக்கு ஊருக்கு எப்ப வண்டி?" என்று கேட்டார்.

சித்தப்பா என் விலாவில் இடித்தார். "தப்புன்னு ஒரு வார்த்த சொல்லித் தொலைடா. இல்லாங்காட்டி பொண்ணு போச்சி."

நான் எழுந்து நின்றேன். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. "குந்துடா!" என்று நான்கு குரல்கள் எழுந்தன; அவற்றுள் ஒன்று படகோட்டியினுடையது. உட்கார்ந்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, "நிலைமையைக் குறித்த என் மதிப்பீட்டில் ஏதோ ஒரு பிழை நிகழ்ந்திருக்கக்கூடும்" என்றேன்.

"நைனா, இவரு இன்னா சொல்றாரு?" என்றாள் கோமளவல்லி.

"தெரிலம்மா" என்றார் அவர்.

கரை தெரிய ஆரம்பித்துவிட்டது. கரையில் இறங்கினால் பேச்சு முடிந்துவிடும் என்பது எனக்குப் புரிந்தது. அவள் தன் முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள். பிழிய இன்னும் நிறையத் தண்ணீர் இருந்தது. எல்லாம் நான் வரவழைத்த தண்ணீர். பி.ஏ. வரைக்கும் ஏறியிருந்த என் தமிழ் மளமளவென்று இறங்கியது.

"தப்புப் பண்ணிட்டேங்க" என்றேன், அவளைப் பார்த்து. "நீங்க சொன்னப்பவே கேட்டிருக்கணும்."

பதினெட்டு வயதுப் பெண்ணை நான் "நீங்க" என்றதில் சித்தப்பா வாயைப் பிளந்தார். வேதாசலம் மகளைப் பார்த்தார். அவள் முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள். "சொல்ல வருதுல்ல, அது போதும். பி.ஏ. ஒரு பக்கம் இருந்துட்டுப் போவுது" என்றாள். அதன்பிறகு வண்டி நேரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆவணியில் திருமழிசையில் எங்கள் திருமணம் நடந்தது.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. திருமணமான முதல் வாரத்தில் நான் எதையோ உறுதியாகச் சொல்ல, கோமளவல்லி தண்ணீர் ஏறி வருவதுபோல் இரு கால்களையும் பலகைமேல் தூக்கி வைத்துக்கொண்டாள். அது அப்படியே குடும்ப வழக்கமாகிவிட்டது. பிள்ளைகள் கற்றார்கள், மருமகள்கள் வந்த மாதத்திலேயே கற்றார்கள், பேரன் பேத்திகள் பேசப் பழகுமுன் கற்றுவிட்டார்கள்.

சென்ற மாதம் பேத்தியைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். வானம் இருட்டிவருகிறதே என்று பிள்ளையின் தகப்பனார் தயங்கினார். "இன்று மழை பெய்யாது. நான் சொல்கிறேன்" என்றேன். சோபாவிலும் நாற்காலிகளிலும் உட்கார்ந்திருந்த என் குடும்பத்தார் பதினொரு பேரும் சத்தமில்லாமல் கால்களை மேலே தூக்கி வைத்துக்கொண்டார்கள், மணப்பெண் உட்பட. வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளையின் தகப்பனார் நாகரிகம் தெரிந்த மனிதர். இந்த வீட்டுச் சம்பிரதாயம் போலும் என்று எண்ணி, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, மரியாதையாகத் தம் கால்களையும் தூக்கி வைத்துக்கொண்டார்.