டோக்கனம்மாவின் திரை

"அடுத்து யாரும்மா?" என்று உள்ளேயிருந்து டாக்டர் குரல் கொடுத்தார்.

வாசல் மேஜையில் டோக்கன் கொடுப்பதால் எல்லோருக்கும் அவள் டோக்கனம்மா. மூக்கு இடிக்கும்வரை குனிந்து கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். பெயரெல்லாம் எறும்புக் கூட்டமாக ஊர்ந்தது.

வேறெங்காவது வேலை என்றால் கண் டாக்டரிடம் போயிருப்பாள். இதுவே கண் ஆஸ்பத்திரி. வருகிறவர்களிடமெல்லாம், "என் கண்ணைப் பாருங்க, கண்ணாடியே வேண்டாம்," என்று பீற்றிக்கொண்டவள் இப்போது எந்த முகத்தோடு போய்க் காட்டுவது?

பக்கத்தில் கண்ணாடி விற்கும் பெண்ணிடம் காதோடு காதாகச் சொன்னாள்.

"ப்பூ, இவ்வளவுதானேக்கா! செட்டிங்ஸ்ல எழுத்தைப் பெருசாக்கிடலாம்."

எழுத்து பூசணிக்காய் அளவுக்கு வந்தது. திரையில் பாதிப் பெயர்தான் நின்றது. அந்தப் பாதியைக் கூப்பிட்டதும் மூன்று பேர் எழுந்து வந்தார்கள்.

"அப்ப எழுத்துக்குப் பின்னாடி கறுப்பு வைப்போம்." திரை இருண்டது.

"மெஷின் அணைஞ்சு போச்சா? நாளைக்கு வரேன்," என்று ஒரு பெரியவர் கிளம்பினார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர். டோக்கனம்மா தெருவரை ஓடி இழுத்து வந்தாள்.

"கடைசியா ஒண்ணு இருக்குக்கா. அதுவே படிச்சுச் சொல்லும்."

அழுத்தியதுதான் தாமதம், கம்ப்யூட்டர் கணீரென்று ஆரம்பித்தது. வரிசைப் பட்டியலையா படித்தது? ஓரத்தில் வீட்டுக்காரருக்கு அனுப்ப அவள் அடித்து வைத்திருந்த மெசேஜை!

"இன்னைக்கும் டாக்டர் ஆமை வேகம். சமையலை நீங்களே முடிச்சிருங்க."

கூடமே சிரிப்பில் குலுங்கியது.

"நிறுத்துடீ!"

"எப்படின்னு தெரியலக்கா!"

கதவு திறந்தது. டாக்டர். கூடம் கப்சிப் என்றானது. கம்ப்யூட்டருக்கு மட்டும் மரியாதை தெரியவில்லை.

"ஆமை வேகம்," என்றது மறுபடி.

கண்ணாடிக்காரி பிளக்கைப் பிடுங்கினாள்.

"உள்ளே வாம்மா," என்றார் டாக்டர்.

வேலைக்கு உலை வைத்தாயிற்று என்று நினைத்தபடியே போனாள்.

"எழுத்து சரியாத் தெரியல டாக்டர். சொல்ல வெக்கமா இருந்துது. அதான் இப்படி..."

"வயசானா வெள்ளெழுத்து வரத்தான் செய்யும். இதுல என்ன வெக்கம்?" அவரே கண்ணைச் சோதித்துக் கண்ணாடிக்குச் சீட்டு எழுதினார். திட்டு விழும் என்று வந்தவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. கும்பிட்டுவிட்டு எழுந்தாள்.

"இரும்மா." கதவைச் சாத்திவிட்டு வந்து, தன் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார் டாக்டர். குரல் கிசுகிசுப்பாக இறங்கியது.

"இதுலயும் அந்தப் பேசுற வித்தையை வச்சு விடு. சத்தத்தை மட்டும் குறைச்சு வை. கண் டாக்டருக்கே வெள்ளெழுத்துன்னு ஊரைக் கூட்டிச் சொல்லிடப் போகுது!"