ஐம்பத்து நான்கு வயது இரும்பு

ஒரு பழைய சைக்கிளின் வயதைப் பிழையின்றிச் சொல்லும் தகுதி இவ்வுலகில் ஓர் அமைப்புக்குத்தான் உண்டு. அது தையற்கடை மாடியில் கூடும் எங்கள் 'தொன்மை மிதிவண்டி மதிப்பீட்டுக் குழு'. உறுப்பினர்கள் ஏழு பேர். அவர்களில் இருவருக்கு சைக்கிள் ஓட்டவும் தெரியும். நான் செயலாளர்.

என் தங்கை கணவர் ஒரு சைக்கிளை விலை பேசி, மதிப்பீட்டுக்குக் கொண்டுவந்தார். ஆலை வேலைக்கு அவர் தினமும் மேம்பாலச் சரிவில் இறங்க வேண்டும். அதற்கு முந்தின நாளே தங்கை போனில் சொன்னாள்: "அண்ணா, ஃப்ரேம் விரிசல் விட்டிருக்கான்னு மட்டும் பாரு. வயசு எதுக்கு? பொண்ணா பாக்கப் போறோம்?"

இந்த அற்பக் கவலையை ஒதுக்கிவிட்டுக் குழு வயதை எடுத்துக்கொண்டது. பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருந்த எண்ணைப் படிக்கத் தலைவர் தரையில் படுத்தார். மரியாதை கருதி நாங்களும் படுத்தோம். கடைசி எண் மூன்றா எட்டா என்பதில் ஒன்றரை மணி நேரம் போயிற்று. வாக்கெடுப்பில் மூன்று வென்றது. வயது ஐம்பத்து நான்கு.

சைக்கிள் கடைக்காரர் எங்கள் குழுவில் 'வாக்குரிமையற்ற பார்வையாளர்'. கையில் எப்போதும் கிரீஸ் இருக்குமே! அவர் ஒரு காந்தத்தை ஃப்ரேம் குழாயில் ஓட்டிப் பார்த்தார். எல்லா இடத்திலும் ஒட்டியது, ஹேண்டிலுக்குக் கீழே மட்டும் 'டக்'கென்று தரையில் விழுந்தது.

"ஐயா, இங்க பட்டி அப்பி பெயின்ட் அடிச்சிருக்காங்க. உள்ள விரிசல்."

"காந்தம் எப்ப வாங்கினது?" என்றார் தலைவர்.

"போன வருஷம்."

"அதான். ஐம்பத்து நாலு வயசு இரும்புக்கு ஒரு வயசுக் காந்தம் சாட்சி சொல்ல வருது!"

சிரிப்பில் அவை அதிர்ந்தது.

"இதுல நான் என் நாயைக்கூட ஏத்த மாட்டேங்க" என்றார் கடைக்காரர்.

"அதைக் குறிப்புல சேர்க்க வேண்டாம்" என்றார் தலைவர். சேர்க்கவில்லை.

"என்ன மச்சான், வாங்கலாமா?" என்று தங்கை கணவர் என் காதருகே கேட்டார்.

"சான்றிதழ்ல குழு முத்திரையே விழுந்தாச்சு. அப்புறம் என்ன மாப்ள?"

சான்றிதழில் 'ஃப்ரேம் நிலை' என்ற கட்டத்தில் 'வயதுக்கேற்ற கம்பீரம்' என்று நானே அழகாக எழுதினேன்.

வாங்கிய நான்காம் நாள் சரிவில் சைக்கிள் இரண்டானது. முன்சக்கரம் மட்டும் குறித்த நேரத்தில் ஆலை வாசலை அடைந்தது. மாப்பிள்ளை தோள் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியை அடைந்தார்.

குழு அங்கும் முழு எண்ணிக்கையில் கூடியது. உடைந்த குழாயை லென்ஸ் வைத்துப் பார்த்த தலைவர், கட்டிலில் கிடந்தவரைத் தேற்றினார்: "பாத்தீங்களா, நம்ம கணக்கு தப்பல. பழைய இரும்புதான் இப்படி உடையும்!"

தங்கை தலைவர் பக்கம் திரும்பவில்லை. "அண்ணா, அந்தக் காந்தம் கீழ விழுந்துச்சாமே. நீ பாக்கலையா?"

பார்த்தேன். அது விழுந்த உடனே, வழக்கப்படி, தலைவரின் முகத்தையும் பார்த்தேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். 'ஏகமனதாக' என்று நாங்கள் குறிப்பேட்டில் எழுதுவது இதைத்தான்.